‘எனக்குப் பிறகு’ என்ற வரி

மச்சான்,

இன்று காலை என் பத்திரப் பெட்டியைத் திறந்தேன். மேலே சாய்வாக மேசை, அடியில் பெட்டி என்று ஒன்றாகச் செய்த பழைய மரப்பெட்டி. ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே வேப்பமரத்தடியில் பாய் விரித்து நான் பத்திரம் எழுதிய நாளில், நீ வந்து அதன்மேல் முழங்கையை ஊன்றுவாய். நான் "ஏய், மசிக்கூடு!" என்று கத்துவேன். அதே பெட்டிதான். மூடியைத் தூக்கியதும் மசி வாசனையும் கற்பூர வாசனையும் ஒன்றாக வந்தன. அடியில் நாலாய் மடித்த முத்திரைத்தாள் ஒன்று கிடந்தது. மடிப்பில் உன் வெற்றிலைக் கறை. பிரித்துப் பார்க்கத் தேவையே இல்லை, ஆனாலும் பிரித்தேன்.

என் கையெழுத்து, முத்து முத்தாக. செங்கல்பட்டில் என் எழுத்துக்கு ஈடில்லை என்று ஊர் சொன்னதோ இல்லையோ, நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். குறுக்கே சிவப்பு மசியில் ‘ரத்து’ என்று எழுதியிருக்கிறது. அதையும் மீறி ஏழாவது வரியில் அந்த இரண்டு வார்த்தை பளிச்சென்று நிற்கிறது. ‘எனக்குப் பிறகு.’

அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடுதாசி. நீ படிக்கப் போவதில்லை, தெரியும். உயிரோடு இருந்தபோது மட்டும் நீ எதைப் படித்தாய்? "நீயே படி மச்சான், எனக்கு எயுத்தெல்லாம் எறும்பாட்டம் ஓடுது" என்பாய். ஆகையால் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன். அடுக்களையில் என் மகள் தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்கிறது.

உங்கள் தெருவும் எங்கள் தெருவும் மாமன் மச்சான் முறை வைத்துப் பேசுவது நம் ஊரில் புதிதில்லை. ஆனால் நம்முடைய மச்சான் முறை சண்டையில் தொடங்கியது. ஈர விறகை என் வீட்டுக்கு அனுப்பிவிட்டாய் என்று நீ விறகு விற்கும் தொட்டிக்கு வந்து நான் குதித்தேன். நீ பெரிய தராசின் மேடையிலிருந்து இறங்கக்கூட இல்லை. "வெறகு காஞ்சதுதான் மச்சான், உங்க வூட்டு அடுப்புதான் ஈரம்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபம் போன இடம் தெரியவில்லை. அன்றைக்கே உன் வீட்டில் டீ குடித்தேன்.

உனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் அனீபா மாமல்லபுரத்துக் கால்வாய்த் துறையைப் பார்த்துக்கொண்டான். செய்யூர்ப் பக்கத்துத் தோப்புகளில் வெட்டிய சவுக்குக் கட்டை வண்டியில் அங்கே வரும், படகேறி மதராசுக்குப் போகும். சின்னவன் காதர் செங்கல்பட்டுத் தொட்டியில் உன்னோடு. காதருக்கு மாமனார் கொடுத்த வீடு தொட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது, அவன் அங்கே குடியிருந்தான். அனீபாவும் அவன் பெண்டாட்டி மைமூனும் உன்னோடு, உன் வீட்டில். உன் பீவி போன பிறகு அந்த வீட்டில் அடுப்பெரிந்தது மைமூனால்தான்.

அனீபா மூன்று நாள் காய்ச்சலில் போனான். துறையிலிருந்து வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். நாலாம் நாள் மையத்துக்கு மண் போட்டுவிட்டு வந்து நீ தொட்டியில் உட்கார்ந்திருந்தாய். கட்டைகளை எண்ணுகிறவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாய். மைமூன் கையில் ஒன்றரை வயசுப் பெண் குழந்தை.

துக்கம் காக்கும் நாள் எல்லாம் முடிந்ததும் மைமூனின் அம்மா சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்து, மகளையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு போனாள். அவள்மேல் குற்றமில்லை. பையன் இல்லாத வீட்டில் பெண்ணை எந்த முறையில் விட்டுவைப்பாள்? அன்று சாயங்காலம் நீ என் மரத்தடிக்கு வந்தாய். முழங்கையை ஊன்றவில்லை. நின்றுகொண்டே கேட்டாய்.

"மச்சான், எனக்கு அப்பால அந்தப் பொண்ணுக்கு இன்னா கீது?"

ஒன்றுமில்லை. அதைத்தான் சொன்னேன். அப்பன் உயிரோடிருக்க மகன் முந்திப் போய்விட்டால், இன்னொரு மகன் இருக்கும் வரை, செத்தவன் பிள்ளைக்கு உங்கள் முறைப்படி பங்கு வராது. மருமகள் அந்தக் கணக்கிலேயே கிடையாது. உயில் எழுதலாம் என்றால் மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல் நிற்காது. தொட்டி இருந்த மண் வாடகை மண். உன்னுடையது என்று பெரிதாக இருந்தது அந்த ஒரு வீடுதான். அது உன் சொத்தில் பாதிக்கும் மேல்.

"அப்போ உயிரோட இருக்கும்போதே குடுத்துட்டா?"

"அது தானம். முழு வீட்டையும் கொடுக்கலாம். யாரும் கேட்க முடியாது."

"எயுது" என்றாய்.

எழுதினேன். மைமூன் பேருக்குத்தான். எப்படி எழுதினேன்? என் கை பழகினபடி எழுதினேன். எங்கள் ஆட்கள் மகளுக்கோ பேரனுக்கோ எழுதிக் கொடுக்கும்போது எந்த வரி வருமோ, அதே வரியை உனக்கும் போட்டேன். ‘என் ஆயுள் பரியந்தம் நானே ஆண்டு அனுபவித்துக்கொண்டு, எனக்குப் பிறகு நீ சர்வ சுதந்திர பாத்தியமாய் அடைந்துகொள்ள வேண்டியது.’ படித்துக் காட்டினேன். ராகம் போட்டே படித்தேன் என்று ஞாபகம். நீ வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தாய்.

"குடுக்குறேன்னு சொல்லிட்டு கைய எடுக்காம வெச்சுகினு இருந்தா, வாங்குறவ எப்பிடி மச்சான் எடுப்பா?"

"சட்டம் உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்றேன் நான். மடையன், மடையன். "எல்லாப் பத்திரத்திலும் இப்படித்தான். நீ பாட்டுக்கு உன் வீட்டில் இரு. உனக்கு நல்லதுக்குத்தான் போட்டிருக்கேன்."

நீ கைநாட்டு வைத்தாய். மை ஒட்டிய கட்டைவிரலை உன் லுங்கியில் துடைத்தாய். ‘அல்லா, ஒரு பாரம் எறங்குச்சு’ என்று சொன்னாய். அதைக் கேட்டு எனக்குப் பெருமை வேறு.

அதற்கப்புறம் எங்கள் பெண்பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு என்று டெல்லியில் புதுச் சட்டம் வந்தது. மரத்தடியில் ஒரே கூட்டம். நான் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்த நாளில்தான் கோர்ட்டிலிருந்து எனக்குச் சம்மன் வந்தது. மதுராந்தகம் பக்கத்துச் சாயபு ஒருவர், வாழாமல் திரும்பி வந்த தங்கைக்குத் தன் வீட்டை எழுதி வைத்திருந்தார். எழுதியது நான். அவர் காலமானதும் அவர் பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். பத்திரம் எழுதியவன் என்று என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். பிள்ளைகளின் வக்கீல் சின்ன வயசுக்காரர், குரலை உயர்த்தவே இல்லை.

"ஏழாவது வரியைப் படியுங்கள்."

படித்தேன்.

"இதை யார் சொல்லி எழுதினீர்கள்?"

"வழக்கமாக எழுதுவதுதான்."

"யாருடைய வழக்கம்?"

எனக்குப் பதில் வரவில்லை, மச்சான். முப்பது வருஷம் பேனா பிடித்தவன் நான். அவர் ஜட்ஜைப் பார்த்துச் சொன்னார். கொடுத்தவர் கடைசி மூச்சு வரை அதே வீட்டில், அதே கட்டிலில் இருந்தார். சாவி கைமாறவில்லை. தங்கை அந்த வீட்டில் எஜமானியாக ஒருநாளும் கால் வைக்கவில்லை. ‘எனக்குப் பிறகு’ என்று கொடுத்தால் இவர்கள் முறையில் அது தானமே ஆகாது. கொடுத்தவர் தன் தட்டுமுட்டுகளோடு படி இறங்கிப் போயிருக்க வேண்டும்.

தீர்ப்பு அந்தப் பெண்மணிக்கு எதிராக வந்தது. வெளியே புங்கமரத்தடியில் ஒரு துணிமூட்டையோடு நின்றாள். என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "எயுத்து ஜோரா கீதுன்னுதானே அய்யா உங்களாண்ட வந்தோம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நான் அந்த வக்கீலின் பின்னாலேயே ஓடினேன். வெட்கம் பார்க்கவில்லை. இன்னொரு பத்திரம் இதே மாதிரி இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டேன். அவர் நின்று சொன்னார்: "புதிதாக எழுதுங்கள். படி இறங்கச் சொல்லுங்கள். ஆனால் அவர் நடமாட்டத்தோடு இருக்கும்போதே செய்யணும். சாவுப் படுக்கையில் கொடுத்தால் அதையும் உயில் மாதிரிதான் எடுத்துக்கொள்வார்கள். பழையபடி மூன்றில் ஒரு பாகம்தான்."

உனக்கோ அந்த மழைக்காலத்திலிருந்து மூச்சு இழுப்பு. நாலு கட்டை தூக்கி வைத்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய்.

அப்படி இருந்தும் நாலு நாள் நான் உன்னிடம் சொல்லவில்லை. இதை இத்தனை வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறேன், வேலை மும்முரத்தில் மறந்துவிட்டேன் என்று அன்று சொன்னது பொய். என் எழுத்துக்கு வந்த அவமானம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. நாலு நாளும் உன் வீட்டில் நீயே போட்ட டீயைக் குடித்தேன். ஒவ்வொரு நாளும் நீ இருமுவதைக் கேட்டுக்கொண்டே குடித்தேன். ஐந்தாம் நாள் தொட்டிக்கு வந்து, தராசு மேடையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கொட்டினேன்.

நீ வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினாய். அப்புறம் ஆரம்பித்தாய்.

"பேமானி! நாலு நாளா இத்த வயித்துல வெச்சுகினு என் வூட்டு டீயக் குடிச்சிகினு இருந்தியா? நடுவுல நான் செத்துப் பூட்டிருந்தா? அந்தப் பொண்ணு தெருவுல நின்னிருக்குமேடா! அன்னிக்கே கேட்டேனா இல்லியா? கைய எடுக்காம குடுக்குறது இன்னா குடுக்குறதுன்னு கேட்டேனா இல்லியா?"

கேட்டாய். சட்டம் படிக்காத உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். வண்டிக்காரர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். திட்டி முடித்து, இருமி முடித்து, கடைசியில் சாதாரணமாகக் கேட்டாய்.

"இப்ப இன்னா பண்ணணும்?"

"வீட்டை விட்டு நீ வெளியே போகணும். கட்டில், பெட்டி, குடை, எல்லாத்தோடயும். உன்னுடையது என்று ஒன்றும் உள்ளே இருக்கக்கூடாது."

"மேக்கால ரூமு?"

மேற்கு அறையில்தான் உன் பீவி கண்ணை மூடினாள். அதற்கப்புறம் நீ வேறு எங்கும் படுத்ததில்லை. எனக்குத் தெரியும்.

"அதுவும்தான்" என்றேன்.

நீ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாய். "சரி. என்னிக்கு?"

காதரிடம் சொன்னபோது அவன் ஆடிய ஆட்டம் மறந்திருக்காது உனக்கு. "அத்தா, வெளையாடுறியா? வயசான காலத்துல உன்னைத் தெருவுல வுட்டேன்னு ஊரு என்னைத்தான காறித் துப்பும்!" அவன் ஊரைச் சொன்னானே தவிர, வீடு கைவிட்டுப் போகிறதே என்ற வருத்தமும் அதில் இருந்தது. இருக்காதா? அவன் மச்சினன்மார் ஏற்கெனவே அவன் காதில் ஓதிக்கொண்டிருந்தார்கள். நான்தான் அவனைச் சாட்சிக் கையெழுத்துப் போட வைக்கச் சொன்னேன். வேறு ஆளைப் போடலாம் என்று நீகூடச் சொன்னாய். நாளைக்கு அவனே கேள்வி கேட்கக்கூடாது என்று என் பயம் எனக்கு.

ரிஜிஸ்டர் ஆபீசில் பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிதை நீட்டினேன். இந்த முறை ‘இன்று முதல்’ என்று எழுதியிருந்தேன். எழுத்தும் அவ்வளவு அழகில்லை. காதர் பேனாவை வாங்கிக்கொண்டு உன்னைப் பார்த்தான்.

"அந்த வூட்ல எனக்கு ஒரு ரூமு கூடவா இல்லே அத்தா?"

"தொட்டி உனக்கு. தராசு உனக்கு. வண்டி மாடு உனக்கு. எல்லாத்துக்கும் மேல உனக்குக் கையும் காலும் கீதுடா. உங்கண்ணன் வுட்டுட்டுப் போனது அந்த ரெண்டு உசுருதான்."

காதர் தாளை இழுத்துக்கொண்டான். கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினான், ரொம்ப நேரம் கழுவினான்.

படி இறங்கிய நாள் வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கு வைத்தேன், தெருவில் ஆள் நிறைய இருக்கட்டும் என்று. மைமூன் முதல் பஸ்ஸில் அம்மாவோடு வந்திருந்தாள், இடுப்பில் குழந்தை. நான் ஜப்தி செய்ய வந்த கோர்ட் அமீனா மாதிரி வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொரு சாமானாக விரட்டினேன். டிரங்குப் பெட்டி, தொழுகைப் பாய், வெற்றிலைப் படிக்கம், குடை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த லுங்கியைக்கூட விடவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பேத்திக்கு விட்டுவிட்டுப் போகிறேன் என்றாய். "அப்போ அதையும் இப்பவே வாயால் சொல்லிக் கொடு" என்றேன். "உன்னோட பெரிய பேஜாரா கீதுடா" என்று முனகிக்கொண்டே சொல்லிக் கொடுத்தாய்.

கட்டிலுக்கு வண்டி வரவில்லை. காதர் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தான். அவ்வளவுதான், தெரு திரண்டுவிட்டது. டீக்கடைக்காரர் கரண்டியோடு ஓடிவந்து காதரை மறித்தார்.

"டேய், பெத்தவர வூட்ட வுட்டுத் தொரத்துறியா? நீ நல்லா இருப்பியாடா?"

காதர் தலையில் கட்டில், பதில் சொல்லவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. நீதான் நடுத்தெருவில் நின்று கத்தினாய்: "அண்ணாத்த, வுடு அவனை! என்னை எவனும் தொரத்தலே! என் வூட்ட என் மருமவளுக்குக் குட்த்துட்டேன், நானே போறேன்! எல்லாரும் பாத்துக்கோங்க!" பாத்துக்கோங்க என்று நீ சொன்னதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு குதி. இதைவிட நல்ல சாட்சி எந்தப் பத்திரத்தில் கிடைக்கும்!

சாவியை நீட்டினாய். மைமூன் வாங்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள்.

"புடிம்மா. கை வலிக்குது."

குழந்தைதான் கையை நீட்டி வாங்கியது. அப்புறம் மைமூன் அதைப் பிடித்துக்கொண்டாள். நீ படி இறங்கினாய். மூன்று படி. உன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை.

தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தாய். கைத்தடியைக் கதவுக்குப் பின்னால் விட்டுவிட்டாய். வழக்கம்போல விறுவிறு என்று முதல் படியில் காலை வைத்தாய். எனக்கு அந்தக் கோர்ட்டும் அந்தப் பெண்மணியின் துணிமூட்டையும்தான் கண்ணில் தெரிந்தன.

"நில்லு! இப்ப அது உன் வூடு இல்லே!" என்று கத்திவிட்டேன்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படி அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அடிப்பாய் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. வைத்த காலைக் கீழே எடுத்தாய். கதவைப் பார்த்து, சின்னக் குரலில் கேட்டாய்.

"மைமூன், உள்ளே வரலாமா?"

உள்ளிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. உன் எதிரில் நிமிர்ந்து பேசியறியாத பெண். அப்புறம் தெளிவாகச் சொன்னாள்.

"வாங்க மாமா. நம்ம வூடு, வாங்க."

நீ அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதாய். அனீபா போன அன்றைக்கு வராத அழுகை. டீக்கடைக்காரர் கரண்டியோடு நின்று அழுதார். எனக்கோ, ‘நம்ம வூடு’ என்றுவிட்டாளே, அது கோர்ட்டில் என்ன ஆகுமோ என்று புத்தி போயிற்று. சீ, என்ன பிழைப்பு இது என்று என்மேலேயே வெறுப்பு வந்தது. அதற்கப்புறம்தான் எனக்கும் கண் நிறைந்தது.

தொட்டிக் கொட்டகையில் ஒரு நாள் இருந்தால் போதும் என்று சொன்னேன். கேட்டாயா? பதினைந்து நாள் இருந்தாய். "குடுத்தா குடுத்தாப்ல இருக்கணும் மச்சான்" என்று சவுக்குத் தூளுக்கு நடுவில் இருமிக்கொண்டு கிடந்தாய். அதற்குள் நான் வீட்டு வரி ரசீதை மைமூன் பேருக்கு மாற்றினேன். அவள் தினமும் தூக்குவாளியில் ஆப்பம் கொண்டுவருவாள். பதினாறாம் நாள் தூக்கு இல்லாமல் வந்தாள்.

"மாமா, நாஸ்தா வூட்லதான் கீது. ஆம்பளை இல்லாத வூட்ல புள்ள பயப்படுது. நான் கூப்புடுறேன், வந்து இருங்க."

போனாய், விருந்தாளியாக. மேற்கு அறைக்குப் போகவில்லை, முன்கட்டில் பாய் போட்டுப் படுத்தாய். அன்றிலிருந்து எத்தனை முறை வெளியே போய்த் திரும்பினாலும் வாசலில் நின்று "உள்ளே வரலாமா?" என்று கேட்காமல் நீ படி ஏறியதில்லை. பேத்திக்கு அது விளையாட்டாகிவிட்டது. நீ வரும் நேரம் பார்த்துக் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்ளும். நீ கேட்டதும் "வரலாம்!" என்று தெருவே அதிரக் கத்தும். ஒருநாள் குறும்புக்கு "வரக்கூடாது" என்றது. நீ நிஜமாகவே திரும்பித் தொட்டிக்கு நடந்துவிட்டாய். குழந்தை அழுதுகொண்டு பின்னால் ஓடிவந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போனது.

இரண்டு மழைக்காலம் அப்படி இருந்தாய். மூன்றாவதில் போய்விட்டாய். கடைசி நாளில் மைமூன் உன்னை மேற்கு அறையில்தான் படுக்க வைத்திருந்தாள், அதற்கும் அவள்தான் "வாங்க மாமா" என்று கூப்பிட வேண்டியிருந்ததாம்.

நீ போன பிறகு நடந்ததை உன்னிடம் சொல்ல வேண்டும். நாற்பதாம் நாள் முடிந்ததுமே காதரின் மச்சினன் ஒரு வக்கீலைத் தொட்டிக்கு அழைத்துவந்தான். யார் என்று பார்த்தால், என்னைக் கூண்டில் கேள்வி கேட்ட அதே வக்கீல். காதர் எடை போட்டுக்கொண்டிருந்தான், நான் பக்கத்தில் இருந்தேன். காதருக்கு நியாயம் தெரியும், ஆனால் வீடு என்றால் வீடு அல்லவா?

"உங்கள் அத்தா அந்த வீட்டை விட்டு வெளியே போனாரா?" என்று கேட்டார் வக்கீல்.

காதர் தராசில் கட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்தான். உச்சந்தலையைத் தட்டிக் காட்டினான்.

"இந்தத் தலை மேலதான் கட்டில் போச்சு. கோர்ட்டுல வந்து சொல்லணும்னாலும் சொல்றேன். ஆனா எந்தப் பக்கம் நின்னு சொல்லுவேன்னு என் மச்சினனாண்ட ஒரு வார்த்தை கேட்டுகினு போங்க."

வக்கீல் மூட்டை கட்டிவிட்டார். போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். "இந்தப் பத்திரம் யாருடைய வழக்கம்?" என்று கேட்டார். இந்த முறை எனக்குப் பதில் இருந்தது. "விறகுக்காரர் வழக்கம்" என்றேன். ரத்தான தாளை நீ என்னிடமே கொடுத்து, "வெச்சுக்கோ, எயுத்து அயகா கீது" என்று குத்திக் காட்டினாயே, அது அன்றிலிருந்து இந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது. அதற்கப்புறம் உங்கள் ஆட்கள் யார் பத்திரத்துக்கு வந்தாலும், அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். அந்த மதுராந்தகத்துப் பெண்மணிக்கு மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது என்னோடுதான் போகும்.

இப்போது அடுப்பெல்லாம் கேஸ். உன் தொட்டி இருந்த இடத்தில் காதரின் பிள்ளைகள் இரும்புக் கம்பி விற்கிறார்கள். மைமூன் அதே வீட்டில்தான் இருக்கிறாள், முடி நரைத்துவிட்டது. உன் பேத்தி பள்ளிக்கூட டீச்சர். கடிகாரம் ஓடுகிறது, பத்து நிமிஷம் பிந்தி.

இந்தப் பெட்டியை இன்று ஏன் திறந்தேன் என்று சொல்லவில்லையே. எனக்கும் ஒரு வீடு இருக்கிறது. மூன்று பிள்ளைகள். பையன்கள் இருவரும் மதராசில் சொந்த வீடு கட்டிக்கொண்டார்கள். மகள், போன இடம் சரியில்லாமல் திரும்பி வந்தவள், பதினெட்டு வருஷமாக எனக்குச் சோறு போடுகிறாள். வீட்டை அவளுக்கு எழுதப் போகிறேன் என்றதும் பையன்கள் பதறினார்கள். "உயில் எழுதி வைங்கப்பா போதும், இருக்கும்போதே எதுக்குக் கையை விட்டுக்கொடுக்கணும், நாளைக்கு அவ மாறிட்டா?" நல்லவர்கள்தான், எனக்கு நல்லதுக்குத்தான் சொன்னார்கள். நானும் ஒருநாள் உனக்கு நல்லதுக்குத்தான் ஒரு வரி எழுதினேன்.

இப்போதெல்லாம் டைப் அடித்தே வருகிறது. நேற்று ரிஜிஸ்டர் ஆபீசில் டைப் அடிக்கும் பையன் நீட்டிய தாளில், அதே ஏழாவது வரியோ எட்டாவதோ, ‘எனது ஆயுட்காலத்திற்குப் பிறகு’. "இது என்னப்பா?" என்றேன். "வழக்கமா போடறதுதான் தாத்தா" என்றான். அந்த வரியை அடித்துவிட்டு ‘இன்று முதல்’ என்று போட்டு, பதிவு செய்து வாங்கினேன்.

எங்கள் சட்டம் என்னைப் படி இறங்கச் சொல்லவில்லை, மச்சான். பத்திரம் பதிவானால் போதும். ஆனாலும் இன்று காலை இந்தத் தாளைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாவிக்கொத்தை அடுக்களை மேடையில் மகள் பக்கத்தில் வைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினேன். ரிஜிஸ்டர் ஆபீஸ் வேப்பமரம் வரை நடந்தேன். திரும்பி வந்து என் வீட்டுப் படிக்குக் கீழே நின்றேன். நாற்பது வருஷம் ஏறி இறங்கிய படி. கால் தானாகவே மேலே போகப் பார்த்தது. பிடித்து நிறுத்த எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் நீ எடுத்த காலின் கனம், எனக்கு இன்றுதான் தெரிந்தது.

"உள்ளே வரலாமா?" என்று கேட்டேன்.

அவள் ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். மேடையிலிருந்த சாவிக்கொத்து அவள் இடுப்பில் இருந்தது.

"இன்னாப்பா இது, தெருவுல நின்னுகினு? உள்ளே வா, காப்பி ஆறுது."

ஏறினேன்.